பழைய தமிழ்ப் படத்தை முழுசாகத்தான் பார்க்கிறோமா? கண்டுபிடித்த வழிகளைப் பகிருங்கள்

பிடித்த தமிழ்ப் படம் எது என்றால் ஆளுக்கொரு பட்டியல் வைத்திருப்போம். இந்த இழையில் அதற்கு அடுத்த கேள்வி. நீங்கள் பார்க்கிற பிரதி முழுப் படம்தானா? 1950, 60களின் படங்களில் பல, ரீல் குறைந்தும் பாட்டு போயும் படச்சட்டத்தின் ஓரம் வெட்டுப்பட்டும்தான் இன்று கிடைக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு "படம் தாவித் தாவிப் போகிறது" என்று இயக்குநரைக் குறை சொல்வது நியாயமில்லை.

முதல் சோதனை சென்சார் சான்றிதழ். படம் தொடங்கியதும் அதை நிறுத்திப் படியுங்கள். நீளம் அடியிலோ மீட்டரிலோ இருக்கும். 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம், அதாவது 16 தனிப்படம். நொடிக்கு 24 பிரேம் ஓடுவதால் நிமிடத்துக்கு 90 அடி. அடிக்கணக்கை 90-ஆல் வகுங்கள், மீட்டர் என்றால் 27.4-ஆல். 16,200 அடி என்று போட்டிருந்தால் படம் சரியாக 180 நிமிடம். இரண்டு, மூன்று நிமிடம் குறைந்தால் கவலை இல்லை, அறுந்த பிலிமை ஒட்டிய இடங்களில் போயிருக்கும். பத்து நிமிடத்துக்கு மேல் குறைந்தால் ஒரு ரீலே காணோம், அல்லது இரண்டு மூன்று பாட்டை எடுத்துவிட்டார்கள்.

சான்றிதழின் தேதியையும் பாருங்கள். முன்பு சான்றிதழுக்குப் 10 ஆண்டுதான் ஆயுள். 1954-இல் வந்த படத்தில் எழுபதுகளின் தேதி இருந்தால் அது மறுவெளியீட்டுக்கு வாங்கியது. அதற்குள் படத்தைச் சுருக்கியிருக்கலாம். இடது கீழ்மூலையில் முக்கோணம் இருந்தால் சென்சாரே வெட்டு கொடுத்திருக்கிறது என்று பொருள்.

*

மேலே சொன்ன கணக்கில் ஒரு பொறி உண்டு. விசிடி, டிவிடி, தொலைக்காட்சிப் பதிவு சிலவற்றில் நொடிக்கு 24 பிரேம் ஓட வேண்டிய படத்தை 25 பிரேமாக ஓட்டியிருப்பார்கள். 180 நிமிடப் படம் 173 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு காட்சியும் போயிருக்காது, எல்லாமே 4 விழுக்காடு வேகமாக ஓடும், அவ்வளவுதான். ஆகவே வகுத்து வந்த விடையை 0.96-ஆல் பெருக்கி, அந்த எண்ணோடும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் "வெட்டு" என்று முடிவு கட்டுங்கள்.

இதைக் காதாலேயே பிடிக்கலாம். சுருதி ஏறிவிடும், அரைக் கட்டையில் ஏறக்குறைய முக்கால் பங்கு. தம்பூரா ஆப்பில் பாட்டின் ஆதார ஷட்ஜத்தை (அடிப்படை 'ஸ'வை) வைத்துப் பார்த்தால், எந்தக் கட்டையிலும் உட்காராமல் நடுவில் நிற்கும். சி.எஸ். ஜெயராமன், சௌந்தரராஜன் குரல்கள் இளசாகக் கேட்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம். கணினியில் வேகத்தை 0.96 என்று குறைத்தால் சரியாகும். ஆனால் விஎல்சி போன்ற பிளேயர்கள் வேகத்தை மாற்றினாலும் சுருதியை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். ஒலி அமைப்பில் அந்த வசதியை அணைத்தால்தான் சுருதி கீழே இறங்கும்.

*

ஆபரேட்டர் அறைப் பக்கத்திலிருந்து நான் சொல்கிறேன். எந்த ரீல் போயிருக்கிறது என்பதைத் திரையின் வலது மேல்மூலை சொல்லும். ரீல் முடிய ஏறக்குறைய 8 நொடி இருக்கும்போது ஒரு வட்டப்புள்ளி மின்னும், அடுத்த ரீலை மாட்டி வைத்திருக்கும் இரண்டாவது மெஷினின் (புரொஜெக்டரின்) மோட்டாரைப் போடுவதற்கு. முடிய ஒரு நொடி இருக்கும்போது அடுத்த புள்ளி, அப்போது மாற்ற வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் நாலு பிரேம்தான், கண் சிமிட்டினால் தவறிவிடும்.

1,000 அடி ரீல் 11 நிமிடம், 2,000 அடி 22 நிமிடம். புள்ளி வரும் நேரங்களைத் தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். 20, 41, 61 என்று போய், அடுத்தது 71-இல் வந்தால் அந்த ரீலில் பாதி இல்லை. முதல் புள்ளி வந்து இரண்டாவது வராமலே காட்சி மாறினால், ரீலின் வால் அறுந்து ஒட்டப்பட்டிருக்கிறது.

அறுவது ஏன் எப்போதும் ரீலின் தலையிலும் வாலிலும்? மாட்டும்போதும் கழற்றும்போதும் கை படுவதும் தரையில் உரசுவதும் அந்தச் சில அடிகள்தான். அங்கேதான் மழை பெய்வது மாதிரி கோடு அதிகமாக விழும். அறுந்த இடத்தைச் சேர்க்க, இரண்டு பக்கமும் ஒன்றிரண்டு பிரேமாவது வெட்டி ஒட்ட வேண்டும். ஊர் ஊராகப் படப்பெட்டி போகப் போக ஒவ்வோர் ஊரிலும் கொஞ்சம் போகும். ஒரே மெஷின் வைத்திருந்த டூரிங் கொட்டகைகளில் ரீலுக்கு ரீல் நிறுத்தி மாட்டியதால் தேய்மானம் இன்னும் கூடுதல்.

ஒலி பிலிமில் படத்துக்கு நேராக இல்லை, சுமார் 20 பிரேம் முன்னால் இருக்கிறது. அதனால் ஒட்டில் படம் தாவுகிற இடமும் வசனம் தாவுகிற இடமும் ஒன்றாக இருக்காது, முக்கால் நொடிக்கும் கூடுதலாகத் தள்ளி வரும். படமும் ஒலியும் ஒரே கணத்தில் சுத்தமாகத் தாவினால் அது பிலிம் ஒட்டு இல்லை. பின்னாளில் வீடியோவில் வெட்டியது.

*

படச்சட்டத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! நீளத்தில் ஒரு நிமிடம் குறையாமல் இருந்தும் நாலில் ஒரு பங்கு படம் காணாமல் போயிருக்கலாம்.

1973-இல் வந்த 'ராஜராஜ சோழன்'தான் தமிழின் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படம். அதற்கு முந்தைய படங்களின் சட்டம் அகலம் 1.37-க்கு உயரம் 1, கிட்டத்தட்ட பழைய டிவிப் பெட்டியின் வடிவம். அதை இன்றைய அகலத் திரையில் கறுப்புப் பட்டை இல்லாமல் நிரப்ப வேண்டுமென்றால் இரண்டே வழி. மேலும் கீழும் வெட்டினால் உயரத்தில் 23 விழுக்காடு போகும். இழுத்து விரித்தால் ஆள் 30 விழுக்காடு குண்டாவார். ஸ்கோப் படத்தைப் பழைய டிவிக்காக வெட்டியிருந்தால் அகலத்தில் 43 விழுக்காடு போயிருக்கும். இரண்டு பேர் பேசும் காட்சியில் ஒருவர் மூக்கு மட்டும் தெரிவது அதனால்தான்.

சோதனை சுலபம். வட்டமான பொருளைத் தேடுங்கள்: நெற்றிப் பொட்டு, வண்டிச் சக்கரம், முழுநிலா. முட்டையாக இருந்தால் இழுத்திருக்கிறார்கள். வட்டம் சரியாக இருந்து, எழுத்துப் போடும் இடத்தில் பெயர்கள் விளிம்பை இடித்தால் வெட்டியிருக்கிறார்கள்.

'அந்த நாள்' (1954) படத்தை இப்படி வெட்டுப்பட்ட பிரதியில் பார்ப்பது கொடுமை. வீணை எஸ். பாலச்சந்தர் இயக்கியது, பாட்டே கிடையாது. ஒரு கொலையை ஒவ்வொருவர் கோணத்திலும் சொல்லும் படம். நிழலும் கூரையும் கதவுச் சட்டமும் சேர்ந்துதான் அங்கே சந்தேகத்தை உண்டாக்குகின்றன. தலைக்கு மேல் இருந்த இருட்டை வெட்டிவிட்டால் மிஞ்சுவது வசனம் மட்டும்தான். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டையோடு வரும் பிரதி கிடைத்தால், தெளிவு கொஞ்சம் குறைவாக இருந்தாலும் அதையே பாருங்கள். டிவியிலும் 'ஜூம்', 'வைட்' இரண்டையும் விட்டு 4:3 அல்லது 'ஒரிஜினல்' வையுங்கள்.

*

வண்ணப் படங்களுக்கு இன்னொரு நோய். 60, 70களின் ஈஸ்ட்மன்கலர் பிரின்டுகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுக்கும், மஞ்சளும் குறையும், கடைசியில் மெஜன்டா (ஊதா கலந்த சிவப்பு) மட்டும் நிற்கும். முகம் ரோஸ், மரம் காப்பிப்பொடி நிறம், வானம் ஊதா. 'காதலிக்க நேரமில்லை' (1964) மாதிரி வெயிலும் கடற்கரையுமாக எடுத்த படத்துக்கு இது பெரிய அநியாயம். கறுப்பு வெள்ளையில் இருப்பது சாயமில்லை, வெள்ளி. அதனால்தான் அதைவிடப் பழைய படம் பளிச்சென்று இருக்கிறது.

டிவியில் கலரைக் கூட்டாதீர்கள், சிவப்புதான் கூடும். கலரைப் பாதியாகக் குறைத்துவிட்டு, 'ஒயிட் பேலன்ஸ்' பகுதியில் சிவப்பை இரண்டு மூன்று புள்ளி இறக்குங்கள். போன சாயம் திரும்பாது. ஆனால் கண் உறுத்தாமல் முழுப் படமும் பார்க்கலாம்.

*

பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்றே மேல்தான் பிடிக்கும். அதனால் படத்தில் இருக்கும் சரணம் தட்டில் இல்லாமல் போவது சாதாரணம். சில பிரதிகளில் கெட்டுப்போன ஒலிக்குப் பதில் இசைத்தட்டின் ஒலியை ஒட்டிவிடுகிறார்கள். பாட்டு தொடங்கும் கணத்தில் பின்னணி இரைச்சல் சட்டென்று மாறும், பாதியில் வாயசைவு தவறும். அந்த இரண்டும் சேர்ந்து வந்தால் நீங்கள் கேட்பது படத்தின் ஒலி இல்லை.

*

இதெல்லாம் பிரதி இருந்தால்தானே! பாலு மகேந்திராவின் 'வீடு' 1988-இல் வந்த படம், பாகவதர் காலத்தது இல்லை. அதன் நெகட்டிவே இல்லை என்று அவரே வருந்திச் சொன்னார்.

வீட்டிலோ மூடிய தியேட்டரிலோ படப்பெட்டி கிடந்தால் தயவுசெய்து மெஷினில் மாட்டிப் பார்க்காதீர்கள். திறந்ததும் வினிகர் வாடை வந்தால் பிலிமின் அடிப்பொருளான அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது. அந்த டப்பாவை மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள், அதன் ஆவி பக்கத்து ரீலையும் கெடுக்கும். பிறகு சுருக்கம் பாருங்கள். பருத்திக் கையுறை போட்டு, விளிம்புத் துளையில் நூறு இடைவெளி எண்ணி, ஸ்கேலை வையுங்கள். புதுப் பிரின்ட் 475 மி.மீ. இருக்கும். 470-க்கு வந்திருந்தால் ஒரு விழுக்காடு சுருங்கிவிட்டது, மெஷினின் பல்லில் ஏறினால் கிழியும்.

ஐம்பதுகளின் தொடக்கத்துக்கு முந்தைய படமென்றால் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பிலிமாக இருக்க வாய்ப்பு உண்டு. விளிம்பில் 'நைட்ரேட்' என்ற ஆங்கில எழுத்து அச்சாகியிருக்கும். தீப்பிடித்தால் தண்ணீருக்கும் அணையாது. வீட்டில் வைக்கவே கூடாது. பரண், தகரக் கூரை, பிளாஸ்டிக் பை மூன்றும் எந்தப் பிலிமுக்கும் ஆகாது.

டப்பாவின் மேலே எழுதியிருப்பதையும் பிலிமின் தொடக்கத்தில் இருக்கும் ரீல் எண்ணையும் போட்டோ எடுத்துக்கொண்டு, புணேயில் 1964 முதல் இயங்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். ஒற்றை ரீல்தான் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அவர்களிடம் இருக்கும் பிரின்டில் காணாமல் போன பத்து நிமிடம் அதுவாகவே இருக்கலாம்.