சிவப்பும் பச்சையும் ஒன்றாகிப்போன போர்வை

நாகர்கோவிலிலிருந்து:

வீட்டில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். பத்து வருட வெட்டுத்துண்டுகள் மூன்று சாக்கில் கிடந்தன. எறிய மனம் வரவில்லை. போன மழைக்காலத்தில் அவற்றை வைத்து லாக் கேபின் என்ற வகைக் குவில்ட், அதாவது ஒட்டுத்துணிப் போர்வை, தொடங்கினேன். ஒவ்வொரு கட்டத்திலும் நடுவில் சின்னச் சிவப்புச் சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள். அடுத்தடுத்த இரண்டு பக்கம் வெளிர் துணி, மற்ற இரண்டு பக்கம் அடர் துணி. கட்டங்களைச் சேர்த்தால் மூலைவாட்டில் வெயிலும் நிழலும் பிரிகிற மாதிரி கோடு ஓட வேண்டும்.

நான் ஒரு பாதிக்குச் சிவப்பு வகை, மறு பாதிக்குப் பச்சை வகை என்று வைத்தேன். மேசையில் பார்க்க அவ்வளவு அழகு. 16 கட்டமும் தைத்துச் சுவரில் தொங்கவிட்டு, வாசலில் நின்று பார்த்தால் அந்தக் கோடே தெரியவில்லை. எல்லாம் ஒரே கலங்கல். இரண்டு மாத வேலை. அன்று சோறு இறங்கவில்லை.

மகள் போனில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக்கிக் காட்டினாள். அரக்குச் சிவப்பும் இலைப்பச்சையும் ஒரே சாம்பல்! நிறம் வேறு, வேல்யூ வேறு என்று அப்போதுதான் உறைத்தது. துணி எவ்வளவு வெளுப்பு, எவ்வளவு கறுப்பு என்பது மட்டும்தான் வேல்யூ. மஞ்சளா நீலமா என்ற கேள்வியே அதில் இல்லை.

இப்போது தைக்கும் முன் வெளிர், நடுத்தரம், அடர் என்று மூன்று குவியலாகப் பிரிக்கிறேன். நடுத்தரம்தான் பாடாய்ப் படுத்துகிறது. ரோஜா நிறத் துண்டு ஒன்று மெரூன் பக்கத்தில் வெளிர். அம்மாவின் பழைய நேரியல் (தோளில் போடும் வெளுத்த மேல்துணி) பக்கத்தில் வைத்தால் அதுவே அடர். தனியாக எடுத்து வைத்து எந்தத் துணிக்கும் பெயர் சொல்ல முடியாது.

தோவாளையிலிருந்து:

அக்கா, நீங்கள் சொன்னதைப் படித்ததும் எங்கள் ஊர் மாணிக்க மாலைதான் நினைவுக்கு வந்தது. 2025இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த மாலை. சிவப்பு அரளி, வெள்ளை அரளி, நொச்சி இலை மூன்றையும் மடித்து மடித்துப் பாய் முடைந்தது போலக் கட்டுவார்கள். சித்தப்பா கட்டிய ஒன்றைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துப் பார்த்தேன். வெள்ளை அரளி மட்டும் பளிச்சென்று நிற்கிறது, சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒன்றுதான். கோலத்தைப் பிடித்துவைப்பது அந்த வெள்ளைதான் என்று இத்தனை வருடம் நான் கவனித்ததே இல்லை.

மார்த்தாண்டத்திலிருந்து:

போன் எடுக்காமலும் பார்க்கலாம். நாலடி தள்ளி நின்று கண்ணை இடுக்கிப் பாருங்கள், நிறம் மங்கி வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சும். கிறிஸ்துமஸ் ஸ்டாருக்கு ஒட்டுகிற சிவப்புக் கண்ணாடிப் பேப்பர் வழியாகவும் பார்த்தேன். நீலம், மஞ்சளுக்கு நன்றாக வேலை செய்தது. ஆனால் சிவப்புத் துணியை அது வெளிறக் காட்டிவிடும், பச்சையைக் கறுக்கக் காட்டிவிடும். உங்கள் போர்வைக்கு அதை நம்பியிருந்தால் இன்னும் மோசமாக ஏமாந்திருப்பீர்கள்.

பெரிய பூப்போட்ட துணியிலும் கவனம். கருநீலத்தில் வெள்ளைப் பூ போட்ட நைட்டித் துணியை ஒன்றரை அங்குலப் பட்டையாக வெட்டினேன். ஒரு பட்டை முழுக்க வெள்ளை, அடுத்தது முழுக்கக் கருநீலம். அதை எந்தக் குவியலில் போடுவது, சொல்லுங்கள்?

நாகர்கோவிலிலிருந்து:

அப்படிப்பட்டதை நான் பின்பக்கத் துணிக்கு வைத்துக்கொள்கிறேன். நாலு கட்டம் பிரித்தாயிற்று. பட்டைகள் சுற்றிச் சுற்றிப் போவதால் ஒரு பக்கத்தை மட்டும் கழற்ற முடியவில்லை, வெளியிலிருந்து நடு வரை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சிவப்பு இருந்த இடத்தில் நேரியலும் வெளிர் மஞ்சளும். சிவப்பைப் பச்சையோடு கலந்து அடர் பக்கத்துக்கு மாற்றிவிட்டேன். வாசலில் நின்றாலும் இப்போது கோடு தெரிகிறது.

ஒன்று மட்டும். மெரூன் துண்டுகளை முதலில் தண்ணீரில் ஊறவைத்துப் பாருங்கள். சாயம் விட்டால் வெளிர் பக்கம் முழுக்கச் சிவந்துவிடும்.