பரணில் கிடந்த சீல் உடைக்காத விஸ்கி: உங்கள் அனுபவம்?

பரண்வாசி:
போன மாதம் அப்பா வீட்டைக் காலி செய்தபோது பரணில் கிடைத்தது. வெல்வெட் பையோடு நீலப் பீங்கான் ஜாடி, 21 வருஷ ஸ்காட்ச். 80-களில் சித்தப்பா துபாயிலிருந்து கொண்டுவந்தது. மச்சான் போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, "லட்சத்துக்குக் குறையாது மாமா" என்றான். சரி என்று கையில் வாங்கினேன். கனமே இல்லை! காதோரம் வைத்து ஆட்டினால் அரைக்குடம் மாதிரி தளும்புகிறது. சீலில் ஒரு கீறல் கிடையாது. பீங்கானாச்சே, உள்ளே குறைவது யார் கண்ணுக்குத் தெரியும்? பரணில் உயரம் பத்தாமல் படுக்கவைத்திருந்தோம். திறந்தால் கார்க் பாதி கையோடு வந்தது, மீதி உள்ளே விழுந்தது. அந்த 'பொளக்' சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

சிராங்கூன்:
எங்கள் வீட்டில் பிளாக் லேபிள், 12 வருஷ ஸ்காட்ச். 1986-ல் அப்பா சிங்கப்பூர் சாங்கியில் வாங்கியது, 2019-ல் திறந்தோம். பெரியப்பா விரல்விட்டு எண்ணி, "பன்னிரண்டும் முப்பத்து மூணும் நாற்பத்தஞ்சு வருஷச் சரக்குடா" என்றார். நான் மறுத்ததற்கு இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பீப்பாயில் இருந்த வருஷம்தான் கணக்கு. பாட்டிலுக்குள் போனபின் அதற்கு வயசு ஏறாது. திருகு மூடி என்பதால் சொட்டுக்கூடக் குறையவில்லை, நன்றாகவே இருந்தது.

கண்ணாடி_அலமாரி:
பரண்வாசி, படுக்கவைத்ததுதான் தப்பு. ஒயினைப் படுக்கவைக்கலாம். விஸ்கி 40 சதவீதம் ஆல்கஹால், கார்க்கை அரித்துவிடும். எப்போதும் நிற்கவைக்க வேண்டும், வெயில் படக் கூடாது. கண்ணாடி பாட்டில் என்றால் வெளிச்சத்தில் பிடித்து மட்டம் பாருங்கள். கழுத்தில் நின்றால் நல்லது, தோளுக்குக் கீழே இறங்கினால் விலையும் இறங்கும். 2023 நவம்பரில் லண்டனில் சுமார் 22 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போன, 1926-ல் வடித்த மெக்காலன் விஸ்கிக்கே, விற்கும் முன் கார்க் மாற்றினார்கள். அது 1986-ல் பாட்டிலில் அடைத்தது, அதாவது 60 வருஷமும் பீப்பாயில்தான். கார்க் தூள் விழுந்தால் காபி பில்டர் தாளில் வடிகட்டுங்கள். ஈரக் காகித அட்டை வாசனை வந்தால் விட்டுவிடுங்கள். ஈயம் கலந்த கிரிஸ்டல் குடுவையில் வருஷக்கணக்காக ஊற்றி வைத்ததை மட்டும் குடிக்கவே வேண்டாம், ஈயம் இறங்கியிருக்கும். என் கதை ஒன்றும் பெரிதில்லை, மாமனார் தந்த பாட்டிலை அன்றைக்கே திறந்துவிட்டேன்.

மெரினா_காற்று:
லட்சம் லட்சம் என்கிறீர்களே, யாரிடம் விற்பது? தமிழ்நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் ஒரு பாட்டில் விற்றாலும் மதுவிலக்குச் சட்டத்தில் குற்றம். அப்புறம், பரண்வாசி குடித்தாரா இல்லையா? அதைச் சொல்லவே இல்லையே.

பரண்வாசி:
குடித்தோம். வேட்டித் துணியில் வடிகட்டி ஆளுக்கு ஒரு மடக்கு. வாசனை இருந்தது, காரம் போய்விட்டது. மச்சான் காலி ஜாடிக்கு விலை தேடிக்கொண்டிருக்கிறான்.