இண்டீவெப் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? வியாழனுக்குள் வேண்டும்

தே., திருநெல்வேலி (திங்கள் காலை)

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் கல்லூரியில் வருகிற சனி, ஞாயிறு பட்டறை. தமிழ் இலக்கியம் படிக்கும் நாற்பது பிள்ளைகள், ஆளுக்கொரு தளம் கட்டி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகவேண்டும் என்று திட்டம். கையேடு இருபது பக்கம், முழுக்கத் தமிழில். வியாழன் மாலை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். உள்ளே எல்லாம் எழுதியாயிற்று. முதல் பக்கத்தில் நிற்கிறேன், தலைப்புக்கே சொல் இல்லை.

இண்டீவெப். 2011-இல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் நடந்த ஒரு முகாமிலிருந்து பரவிய பெயர். பெரிய நிறுவனத்தின் பக்கத்தில் எழுதாமல், தன் பெயரில் ஒரு முகவரி வைத்துத் தன் தளத்தில் எழுதுவது, அங்கிருந்தே மற்ற தளக்காரர்களோடு பேசுவது. பிள்ளைகள் வாயில் நிற்கிற மாதிரி ஒரு சொல் தாருங்கள். கூடவே வெப்ரிங் (தளங்களை வளையமாகக் கோப்பது), பாஸி (முதலில் தன் தளத்தில், பிறகு பிற இடங்களில் வெளியிடுவது), வெப்மென்ஷன் (ஒரு தளம் மற்றதைச் சுட்டியதை அதற்கு அறிவிப்பது) மூன்றுக்கும் வேண்டும். கையேட்டை இணைத்திருக்கிறேன்.

கு., கோவை (திங்கள் மதியம்)

அக்கா, கையேட்டைப் படித்தேன். சொல்லுக்கு முன்னால் உள்ளடக்கத்தில் மூன்று திருத்தம் சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் காலையிலேயே ஹியூகோ, ஜெக்கில் என்று ஆரம்பிக்க வேண்டாம். தளம் கட்ட நல்ல கருவிகள்தான், ஆனால் கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கச் சொன்னால் பாதிப் பேர் கையை எடுத்துவிடுவார்கள். வெறும் நோட்பேடில் ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பு போதும். அதை நியோசிட்டீஸ் என்ற தளம் வைக்கும் சேவையில் இழுத்துப் போட்ட நிமிடமே உலகம் பார்க்கும். அந்தச் சேவை 2013-இல் தொடங்கியது. இலவசக் கணக்குக்கே 1 ஜிபி இடம் உண்டு, விளம்பரம் ஒட்டுவதில்லை. சொந்த முகவரியை இணைக்க மட்டும் அங்கே பணம் கட்டவேண்டும். கிட்ஹப் பேஜஸ் என்ற இன்னொரு சேவையில் அது இலவசம், ஆனால் பழக நேரமாகும். அதை ஞாயிறு மாலைக்கு வையுங்கள்.

அடுத்தது, கோப்பின் தலையில் எழுத்துமுறை யூடிஎஃப்-8 என்றும் மொழி தமிழ் என்றும் எழுதவைக்க வேண்டும். மொழியைச் சொல்லாவிட்டால், பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்கப் பார்த்துத் தடுமாறும். இது கையேட்டில் இல்லவே இல்லை.

கடைசியாக ரெல்-மீ, அதாவது ‘இதுவும் நான்தான்’ என்று சுட்டியில் எழுதும் குறிப்பு. தன் தளத்திலிருந்து மாஸ்டடான் என்ற சமூக ஊடகப் பக்கத்துக்கும் அங்கிருந்து தளத்துக்கும் இரண்டு பக்கமும் சுட்டினால், இரண்டும் ஒரே ஆளுடையவை என்று உறுதியாகும். இண்டீவெபிஃபை-மீ என்ற தளத்தில் முகவரியைக் கொடுத்தால் இதையெல்லாம் படிப்படியாகச் சோதித்துச் சொல்லும். ஒரு வரியாவது சேருங்கள்.

சொல்? ‘தனிவலை’. சின்னது, எல்லாருக்கும் புரியும்.

வ., யாழ்ப்பாணம் (திங்கள் இரவு)

தம்பி, ‘தனி’ வேண்டாம். தனிய இருக்கிறவனுக்கு வலை எதற்கு? ஆளாளுக்கு ஒரு தளம் வைத்தாலும் ஒருவரோடு ஒருவர் கதைக்கிறதுதானே இதில் முக்கியம்.

இங்கே எங்களுக்கு ‘சுயாதீனம்’ நாளாந்தச் சொல். சுயாதீன ஆணைக்குழு, சுயாதீன ஊடகவியலாளர், சுயாதீனத் திரைப்படம் எல்லாம் பத்திரிகையில் தினமும் வரும். ‘சுயாதீன வலை’ என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விளங்கும். இண்டீ என்ற சொல்லின் பொருளும் அதுவேதான்.

இன்னொன்று. கையேடு முழுக்க ‘இணையதளம்’ என்று ஒற்று இல்லாமல் கிடக்கு. ‘இணையத்தளம்’ என்று திருத்தி விடுங்கோ.

இ., மதுரை (செவ்வாய் அதிகாலை)

அன்புடையீர்,

ஒற்றைப் பற்றி அம்மையார் சொன்னது முற்றிலும் சரி. இணையம், தளம் இரண்டும் வேற்றுமையில் புணரும்போது மகரம் கெட்டு வல்லினம் மிகும். மரம், கிளை சேர்ந்து மரக்கிளை ஆவதுபோல. நம் நாளிதழ்கள் ஒற்றைத் தின்றுவிட்டன. ஈழத்தார் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் சுயாதீனம் வேண்டாம். சுயமும் வடசொல், ஆதீனமும் வடசொல். ஆதீனம் என்றால் எங்கள் பக்கத்துப் பிள்ளைக்குத் திருவாவடுதுறையும் தருமபுரமும்தான் நினைவுக்கு வரும். சுயேச்சை என்று மாற்றினால் தேர்தல் வேட்பாளர் வந்து நிற்பார். ‘தன்வலை’ என்று யாராவது சொல்வதற்கு முன் அதையும் தடுத்துவிடுகிறேன். தன் வலையில் தானே விழுந்தான் என்கிற வழக்கு அந்தச் சொல்லைக் கெடுத்துவிட்டது.

நான் தருவது ‘தம்மில்’. “தம்மில் இருந்து தமதுபாத்து உண்டற்றால்” என்பது 1107-ஆம் குறள். காமத்துப்பாலில் உவமையாக வந்தது. ஆனால் அந்த உவமை என்ன சொல்கிறது? தன் வீட்டில் இருந்துகொண்டு, தன் பொருளைப் பகுத்து, பிறரோடு உண்பது. நீங்கள் சொல்லும் இயக்கம் முழுவதும் இந்த அடியில் இருக்கிறது. வாடகை வீட்டில் இருந்தோ, ஊரார் பொருளை அள்ளி வீசியோ வருவதல்ல அந்த இன்பம்.

இல் என்பது வீடு. தெலுங்கில் இல்லு, துளுவிலும் அதுவே. இல்லாள், இல்லறம், இல்வாழ்வான் எல்லாம் அதன் கிளை. வீட்டைக் குறித்த இந்த இல்லே தேய்ந்து ஏழாம் வேற்றுமை உருபாயிற்று என்று கருதுவோர் பலர். நன்னூலார் இடப்பொருள் உருபுகளை அடுக்கும்போது உள், அகம், புறம், இல் என்று முடிக்கிறார். நான்கும் வீட்டின் பகுதிகளே! வீட்டுக்கு முன்னிடம் இல்முன். அது மாறி முன்றில் ஆயிற்று. இலக்கணப்போலி. ஆகவே ஹோம்பேஜ் என்பதற்கு ‘முகப்பு’ என்ற சொல்லே வேண்டாம். முன்றில்! தம்மில் கட்டியவனுக்கு முன்றில் இருக்காதா?

கு., கோவை (செவ்வாய் காலை)

ஐயா, முன்றில் மனதுக்குப் பிடித்திருக்கிறது. தம்மில் பற்றி எனக்கு மொழிச் சிக்கல் இல்லை, பொருள் சிக்கல் இருக்கிறது.

தம் வீடு, தமது பொருள் என்கிறோம். டொமைன் பெயர், அதாவது தளத்தின் முகவரி, யாருக்கும் தமது ஆவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு பணம் கட்டவேண்டும். டாட்காம் முகவரியை ஒரே தடவையில் பத்தாண்டுக்கு மேல் பதிய முடியாது. கட்டாமல் விட்டால் வேறு ஆள் எடுத்துக்கொள்வார். நிலக் கணக்கில் சொன்னால் இது பட்டா இல்லை, குத்தகை. சமூக ஊடகப் பக்கம் அடுத்தவர் திண்ணை. குத்தகை நிலத்துக்கும் திண்ணைக்கும் நிறைய தூரம் உண்டுதான். குத்தகைக்காரன் பயிரை, அதாவது கோப்புகளை, எடுத்துக்கொண்டு வேறு வழங்கிக்கு, அதாவது தளத்தை வைத்திருக்கும் வேறு கணினிக்கு, போகலாம். முகவரி மாறாது, வாசகருக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் பிள்ளைகளிடம் ‘இது உங்கள் வீடு’ என்று சொல்லிவிட்டு, அடுத்த வருடம் புதுப்பிக்க மறந்து முகவரி போனால் நம்மைத்தான் கேட்பார்கள்.

அதனால் உடைமையைச் சொல்லாத சொல் வேண்டும். ‘தற்சார்பு வலை’ எப்படி? தற்சார்பு வேளாண்மை என்று இன்றைக்கு எல்லாரும் பேசுகிறார்கள்.

இ., மதுரை (செவ்வாய் மதியம்)

தன், சார்பு இரண்டும் சேர்ந்து தற்சார்பு. புணர்ச்சி பழுதில்லை. பொருள்தான் பழுது. வழங்கிக்காரனையும் முகவரி பதிபவனையும் சார்ந்து நிற்பதாகத் தாங்களே சொல்லிவிட்டு, தன்னையே சார்ந்தது என்று பெயர் வைப்பது எப்படி? குத்தகை வீடும் இல்தான். இல் என்ற சொல்லில் பட்டா இல்லை, குடியிருப்பு இருக்கிறது.

தே., திருநெல்வேலி (செவ்வாய் மாலை)

ஐயா, மன்னிக்க வேண்டும். இன்று இரண்டாம் ஆண்டு வகுப்பில் ‘தம்மில்’ என்று கரும்பலகையில் எழுதி, என்ன பொருள் என்று கேட்டேன். ‘தங்களுக்குள்’ என்றார்கள். ஒரு பெண் ‘தமக்கு இல்லாதது’ என்றாள். குறளைச் சொன்னபிறகுதான் வீடு என்று பிடிபட்டது, உடனே எல்லோருக்கும் பிடித்தும் போயிற்று. ஆனால் கையேட்டைத் திறக்கிற ஒவ்வொருவர் பக்கத்திலும் நான் நின்று குறள் சொல்ல முடியாதே.

பாஸிக்கு ஐயாவின் நன்னூல் பட்டியலிலிருந்தே எனக்கு விடை கிடைத்துவிட்டது. முதலில் தன் தளத்தில் வெளியிட்டு, பிறகு மற்ற இடங்களில் பகிர்வதுதானே பாஸி. *அகத்தில் பதி, புறத்தில் பகிர்.* சுருக்கினால் அகப்பதிவு. முகநூலில் எழுதிவிட்டுப் பிறகு தன் தளத்தில் சேர்த்துவைக்கிற தலைகீழ் முறைக்குப் புறத்தில் பதி, அகத்தில் சேர். யாருக்காவது மறுப்பு உண்டா?

வ., யாழ்ப்பாணம் (செவ்வாய் இரவு)

அகப்பதிவுக்கு என் முழுச் சம்மதம். மிச்சத்துக்கு இல்லை. முன்றில் என்று பாட்டில்தான் வாசிச்சிருக்கிறம். எங்களுக்கு அது முற்றம். பிள்ளை விளையாடுற இடம்.

ந., சிங்கப்பூர் (புதன் காலை)

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வெப்ரிங் பற்றி ஒருவரும் பேசாததால் எழுதுகிறேன்.

என் அப்பா தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் இலவசத் தளத்தில் தமிழ்ப் பக்கம் வைத்திருந்தார். யுனிகோடுக்கு முந்திய காலம். முதல் வரியே ‘இந்த எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள்’ என்றுதான் இருக்கும். அடியில் ஒரு சிறு பெட்டி: முந்தையது, அடுத்தது, ஏதேனும் ஒன்று. அதை அழுத்தினால் இன்னொருவர் பக்கம், அங்கிருந்து இன்னொருவர். தேடுபொறி சரியாக இல்லாத நாளில் அவருக்கு நண்பர்கள் அப்படித்தான் கிடைத்தார்கள். அந்தத் தளத்தை மூடினார்கள், பக்கமும் போயிற்று. அச்சிட்டு வைத்த நான்கு தாள் மட்டும் என்னிடம் இருக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் எடுத்த அச்சு, அதனால் அதையும் படிக்க முடியாது.

அதனால் கையேட்டில் ‘கோப்பின் நகல் உங்கள் கணினியில் எப்போதும் இருக்கட்டும்’ என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். வெப்ரிங்குக்கு ‘தளவளையம்’ என்பேன்.

இ., மதுரை (புதன் காலை)

தங்கள் தந்தையாரின் பக்கம் போனது கேட்டு வருந்துகிறேன்.

ஒரு பாட்டின் ஈறு அடுத்த பாட்டின் முதலாகி, கடைசிப் பாட்டின் ஈறு மறுபடி முதற்பாட்டின் முதலோடு மண்டலித்து முடிவது எது? அந்தாதி. வெப்ரிங் என்ற யோசனைக்கு வயது முப்பது. நமக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பழக்கம். ‘தள அந்தாதி’ என்று போடுங்கள்.

கு., கோவை (புதன் மதியம்)

அந்தமும் ஆதியும் வடசொல் ஆயிற்றே ஐயா. சுயாதீனத்துக்கு மட்டும் ஏன் கதவடைப்பு?

நுட்பமாகவும் பொருந்தவில்லை. அந்தாதி ஒரே திசையில் போகும். வெப்ரிங்கில் பின்னாலும் போகலாம், நடுவில் எங்கேயும் குதிக்கலாம். அந்தாதியில் ஒரு பாட்டு தொலைந்தால் தொடர் அறுந்துவிடும். வெப்ரிங்கில் பெரும்பாலும் நடுவில் ஒரு பட்டியல் இருக்கும். ‘அடுத்தது’ என்ற இணைப்பு அந்தப் பட்டியலைக் கேட்டுத்தான் ஆளை அனுப்பும். 1995-இல் சேஜ் வைல் என்ற இளைஞர் இதைப் பரவலாக்கியபோதும் இப்படித்தான். ஒரு தளம் செத்தால் பட்டியலில் அதை நீக்கினால் போதும், வளையம் அறாது. தளவளையமே சரி.

இ., மதுரை (புதன் மாலை)

அந்தாதி தமிழ் யாப்பில் ஊறிய சொல், சுயாதீனம் அப்படியன்று. ஆயினும் தாங்கள் கேட்டதில் நியாயம் உண்டு. திசை பற்றிய மறுப்பையும் ஏற்கிறேன். வளையம் இருக்கட்டும்.

தே., திருநெல்வேலி (புதன் இரவு, 11.40)

இனி எனக்கு நேரமில்லை, முடிவாகச் சொல்லிவிடுகிறேன். தலைப்பில் ‘சொந்த வலை’ என்று போடுகிறேன்.

தம்பி கேட்ட பட்டா கேள்வியை நாளெல்லாம் யோசித்தேன். சொந்த ஊர் என்கிறோம். அங்கே ஒரு சென்ட் நிலம் இல்லாதவருக்கும் அது சொந்த ஊர்தான். தீபாவளிக்குப் போய் இறங்கினால் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்கும். முகவரிக்கு ஆண்டுக்கூலி கட்டினாலும் அந்தப் பொருளில் அது சொந்தம். வ. அக்கா கேட்ட ‘ஒருவரோடு ஒருவர் கதைப்பதும்’ இதிலேயே வருகிறது, சொந்தம் என்றால் நமக்கு உறவும்தானே. ஒரு தளம் இன்னொன்றைச் சுட்ட, அது திரும்பச் சுட்ட, சொந்தம் உண்டாகிறது. வகுப்பில் சொன்னேன், ஒருவரும் பொருள் கேட்கவில்லை.

தளவளையமும் அகப்பதிவும் உறுதி. முன்றில் ஒரு பெட்டிச் செய்தியாக, குறளோடு வருகிறது. பக்கத்தில் முகப்பு என்றே இருக்கும். ஒற்றுகள் எல்லாம் திருத்தியாயிற்று. வெப்மென்ஷனை அப்படியே எழுதியிருக்கிறேன். ‘உங்கள் பக்கத்தைச் சுட்டி எழுதியவரின் தளம் உங்களுக்குச் சொல்லி அனுப்பும், அந்தச் சுட்டி உண்மையிலேயே அங்கே இருக்கிறதா என்று உங்கள் தளம் போய்ப் பார்த்துவிட்டு ஏற்கும்’ என்று விளக்கம் கொடுத்தால் போதும் என்று நினைக்கிறேன்.

கு., கோவை (வியாழன் காலை)

சொந்த ஊர் சரிதான் அக்கா, என் மறுப்பை விட்டுவிட்டேன். புதுப்பிக்கும் தேதியை நாட்காட்டியில் குறிக்கச் சொல்லி ஒரு வரி மட்டும் சேருங்கள். வெப்மென்ஷனுக்கு ‘சுட்டறிவிப்பு’ சொல்லலாம் என்று தோன்றியது. அடுத்த பதிப்புக்குப் பேசுவோம்.

இ., மதுரை (வியாழன் காலை)

சொந்தமும் வடமொழி வேருடையது என்பார் உளர். சொத்தைக் குறிக்கும் ‘சொம்’ என்ற தமிழ் வேரிலிருந்து வந்தது என்பாரும் உளர். பின்னவர் கூற்றையே நான் நம்ப விரும்புகிறேன், சான்றுகளைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன். இப்போதைக்கு அச்சிடுங்கள். என் வாக்கு தம்மிலுக்கே என்று குறித்துக்கொள்ளவும்.

வ., யாழ்ப்பாணம் (வியாழன் மதியம்)

கையேடு வந்ததும் கோப்பை எனக்கும் அனுப்புங்கோ தங்கச்சி. மார்கழியில் இங்கே எங்கட வாசிகசாலைப் பிள்ளைகளுக்கும் செய்யப்போறம். ‘சொந்த வலை’ என்ற இடமெல்லாம் ‘சுயாதீன வலை’ என்று மாற்றித்தான் அடிப்பம், சொல்லாமல் செய்யக்கூடாது என்று இப்பவே சொல்லுறன். முற்றமும் அப்படியே. அகப்பதிவில் கை வைக்கமாட்டன்.