காக நிறக் கோழிக் குஞ்சு இறக்கையில் வெள்ளை: போகுமா, நிற்குமா?

தோட்டத்துக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். கிளிமூக்கு விசிறிவால் கோழிச் சாதி வளர்க்க ஆரம்பித்து இரண்டு வருடம்தான் ஆகிறது, அதனால் கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மாசி முதல் வாரம் பொரித்த எட்டுக் குஞ்சில் இப்போது ஆறு நிற்கிறது. ஒன்று பருந்துக்குப் போனது, இன்னொன்றைக் கீரி பிடித்தது. பிடித்ததும் கீரி நிறக் குஞ்சையே (காகம், மயில், கீரி, பூதி எல்லாம் நாங்கள் கோழி நிறத்துக்குச் சொல்லும் பெயர்). வீட்டில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

தகப்பன் மயில், தாய் சுத்தக் காகம், அதாவது முழுக் கருப்பு. பதினைந்து வாரம் ஆன ஒரு காகக் குஞ்சு உடம்பெல்லாம் கருப்பு, ஆனால் இறக்கையை விரித்தால் நுனியில் வெள்ளை. பிறந்தபோது வயிறும் வெளுப்பாகத்தான் இருந்தது. பக்கத்துத் தோட்டத்து மாமா, "கிராஸ் அடிச்சிருக்கு மாப்ள, கறிக்குத் தள்ளிவிடு" என்கிறார். அவர் சொல்லி நான் ஏற்கெனவே ஒரு நல்ல பெட்டையைத் தள்ளிவிட்டு வருத்தப்பட்டிருக்கிறேன்.

இரண்டாவது, மிச்சமிருக்கும் ஒரு கீரியைப் பெட்டை என்றே நினைத்திருந்தேன். பூ, அதாவது கொண்டை, இத்தனூண்டு, சிவப்பே ஏறவில்லை. ஆனால் நடை சேவல் நடையாகத் தெரிகிறது. இளம் பெட்டையா, இளம் சேவலா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய கூடு:
தம்பி, கறிக்குத் தள்ளாதீர்கள். கருப்புக் கோழிக் குஞ்சுக்கு வயிற்றிலும் இறக்கை நுனியிலும் வெளுப்பு இருப்பது சாதாரணம். அது குஞ்சு இறகின் நிறம், கோழியின் நிறம் இல்லை.

ராத்திரி அடைந்த பிறகு பிடித்து, இறக்கையை விரித்துப் பாருங்கள். நடுவில் ஒரு குட்டை இறகு இருக்கும். அதற்கு வெளிப்பக்கம் பத்துப் பெரிய இறகு. குஞ்சு இறகு கொட்டுவது அந்தக் குட்டை இறகுக்குப் பக்கத்தில் ஆரம்பித்து, ஒவ்வொன்றாக வெளியே போகும். புதிதாக வந்த இறகு அகலமாக, நுனி மழுங்கி, பளபளவென்று இருக்கும். பழையது ஒல்லியாக, நுனி கூர்ந்து, தேய்ந்து போயிருக்கும். வெள்ளை எதில் இருக்கிறது என்பதுதான் விஷயம். பழைய இறகில் என்றால் கவலையே வேண்டாம். புதிதாக முளைத்த இறகிலும் வெள்ளை வந்திருந்தால் அப்புறம் பேசலாம்.

ஒன்று ஞாபகம் வையுங்கள். கடைசி வெளி இறகு இரண்டும் முதல் வருடத்தில் பெரும்பாலும் விழாது. அடுத்த வருடம் முழுசாகக் கொட்டும்போதுதான் போகும்.

கீரிக்குப் பூவைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. கத்திப்பூ, அதாவது நிமிர்ந்த ஒற்றைக் கொண்டை, இருக்கும் நாட்டுக்கோழியில் இரண்டு மாதத்திலேயே கொண்டை காட்டிக்கொடுத்துவிடும். இந்தச் சாதியில் மத்திப்பூ, தலையோடு ஒட்டிய சின்னக் கொண்டை, அதுவும் மெதுவாக ஏறும். வாலுக்கு முன்னால் முதுகின் இரண்டு பக்கமும் இறகை நிமிர்த்திப் பாருங்கள். முனை ஈட்டி மாதிரி, ஓரம் மினுமினுவென்று இருந்தால் சேவல். வட்டமாக முடிந்தால் பெட்டை. பதினைந்து வாரத்தில் ஒரு நாலைந்தாவது தெரிய வேண்டும்.

மூன்றாம் வாய்க்கால்:
அண்ணன் சொன்னதே சரி. நான் சேர்ப்பது ஒன்றுதான்: என்ன தீனி போடுகிறீர்கள்? கம்பும் அரிசி நொய்யும் மட்டும் என்றால், புது இறகிலும் வெள்ளை வரலாம். இறகு என்பது கிட்டத்தட்ட முழுக்கப் புரதம். புரதத்தில் இருக்கும் லைசின் என்ற சத்து குறைந்தால் கருப்புக் குஞ்சின் இறக்கை வெளுக்கலாம். கடலைப் புண்ணாக்கில் புரதம் உண்டு, ஆனால் லைசின் கம்மி. அந்தப் புண்ணாக்கில் பூஞ்சை பிடித்துவிட்டால் கோழியின் ஈரலையே காலி பண்ணிவிடும். உப்பில்லாத கருவாட்டுத் தூள் கொஞ்சம் கலந்து போடுங்கள். கரையான் கிடைத்தால் இன்னும் நல்லது, செலவும் இல்லை.

சாம்பல் பூதி:
கண் நிறத்தை வைத்தும் இப்போதே கழிக்காதீர்கள். வெள்ளைக்கண் வேண்டுமென்று ஐந்து மாதத்தில் தேடி, மஞ்சளாக இருக்கிறதே என்று ஒரு பூதி நிறக் கோழியை விற்றேன். வாங்கியவர் ஒன்றரை வருடம் கழித்துப் போட்டோ அனுப்பினார். முத்து மாதிரி கண். இன்னும் வயிறு எரிகிறது.

தோட்டத்துக்காரன்:
நேற்று ராத்திரி போன் வெளிச்சத்தில் பார்த்தேன். அம்மா கோழியைப் பிடித்துக்கொள்ள, நான் எண்ணினேன். உள்பக்கம் ஐந்து இறகு புதுசு, ஒரு பொட்டு வெள்ளை இல்லை, கரிச்சட்டிக் கருப்பு. ஆறாவது பாதி குருத்தாக உறையோடு நிற்கிறது. அதுவும் கருப்புதான். வெள்ளை இருப்பது கடைசி மூன்றில். ஆக, ஒன்று விழுந்தாலும் இரண்டு இந்த வருடம் முழுக்க இருக்கும் போலிருக்கிறது. இருக்கட்டும்.

தீனி விஷயத்தில் மாட்டிக்கொண்டேன், கம்பும் நொய்யும்தான். இன்று சந்தையில் கருவாடு வாங்கியாயிற்று. வீட்டுப் பூனை இப்போது கோழிக்கூண்டை விட்டு நகர மாட்டேன் என்கிறது.

கீரி முதுகில் ஈட்டி இறகு ஆறு. மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. காலையில் அதுவே தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, உடைந்த பீப்பி மாதிரி ஒரு சத்தம் கொடுத்தது. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து மாமாதான் முதலில் கேட்டார், "என்னடா, உன் பெட்டை கூவுது?"