2009 லேண்டர் போட்டி: மாஸ்டன் முந்தியது எப்படி?

கேள்வி: லூனார் லேண்டர் சேலஞ்ச், அதாவது நிலவில் இறங்குவது போல ராக்கெட்டை நேராக எழுப்பி இறக்கும் நாசா பரிசுப் போட்டி. அதன் இரண்டாம் நிலையில் ஆர்மடில்லோ நிறுவனத்தின் ராக்கெட்டும் 180 விநாடி பறந்து, திரும்பியும் வந்தது. பிறகு ஏன் 10 லட்சம் டாலர் மாஸ்டன் நிறுவனத்துக்கு?

பதில் 1: இறங்கிய துல்லியம்தான். இலக்கிலிருந்து சராசரி விலகல் மாஸ்டனின் ஸோயி ராக்கெட்டுக்கு சுமார் 19 செ.மீ., ஆர்மடில்லோவின் ஸ்கார்பியஸுக்கு சுமார் 87 செ.மீ. ஆர்மடில்லோவுக்கு 5 லட்சம் டாலர்.

பதில் 2: துல்லியம் இருக்கட்டும், முதலில் இன்ஜின் பிழைக்கணுமே! வால்வு திறந்தும் தீப்பொறி தாமதித்தால் எரிபொருளும் திரவ ஆக்சிஜனும் இன்ஜினின் எரி அறைக்குள் தேங்கும். பற்றும் கணத்தில் அழுத்தம் எகிறி அறையே விரிசல் விடலாம். இக்னைட்டர் (தீமூட்டி) எரிவதை சென்சார் உறுதி செய்தபிறகே மெயின் வால்வைத் திறங்க.

பதில் 3: த்ராட்டிலையும் (உந்துவிசையைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாடு) கவனிங்க. டேங்க் காலியாக ஆக எடை குறையும்; உந்துவிசையை அதே அளவு குறைக்க முடியாவிட்டால் வண்டி இறங்கவே இறங்காது.