தவளைத் தொட்டியில் மண் நாறுகிறது, உதவுங்கள்

வணக்கம். டொராண்டோவில் இருக்கிறேன். மஞ்சள், கறுப்புப் பட்டை போட்ட லியூக்கோமெலாஸ் டார்ட் தவளைகளுக்காக 45 செ.மீ. கண்ணாடித் தொட்டியில் செடி வைத்து ஆறு வாரம் ஆகிறது. தவளை இன்னும் வாங்கவில்லை. (விஷமாச்சே என்று அம்மாவுக்குப் பயம். அந்த விஷம் காட்டில் தின்னும் எறும்பு, சிற்றுண்ணியிலிருந்து சேருவது, பழ ஈ தின்று வளரும் தவளைக்கு இருக்காது என்றால் நம்பினால்தானே!)

அடியில் தண்ணீர் வடிய களிமண் உருண்டை, மேலே வலை, அதன்மேல் தேங்காய் நார்த்தூளும் கரியும் மரப்பட்டையும். ஹீட்டர் காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு இறங்கியதால் தினம் மூன்று தடவை தண்ணீர் தெளித்தேன். இப்போது அடித்தண்ணீர் வலையைத் தொட்டு, மண் சொதசொதவென்று நாறுகிறது. புரோமிலியாட் (அன்னாசி வகைச் செடி) அடி அழுகிவிட்டது. கட்டையில் வெள்ளைப் பூஞ்சை வேறு. அதை ஸ்பிரிங்டெயில் (மண்ணில் வாழும் குட்டி உயிரி) தின்றுவிடும், கவலையில்லை.

குழாய் விட்டுத் தண்ணீரை உறிஞ்சினால் போதுமா, மண்ணையே மாற்றணுமா? ஈரப்பதம் தங்க, வலைமூடியில் பாதியைக் கண்ணாடியால் அடைத்துப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.