மறு: குடல் செரோட்டோனின் கட்டுரை – 'ஏற்பி'யா, 'வாங்கி'யா?

அனைவருக்கும் வணக்கம்.

> 'ஏற்பி' பழகிவிட்டது. இலங்கை நண்பர்கள் 'வாங்கி' என்கிறார்கள். ஒன்றை முடிவு செய்தால் கட்டுரையை ஏற்றிவிடலாம்.

செல்களுக்கிடையே செய்தி சொல்லும் செரோட்டோனின் போன்ற வேதிப்பொருள் வந்து தட்டும் புரதத்துக்கு (receptor) இரண்டில் எந்தப் பெயரானாலும் எனக்குச் சம்மதம். என் கவலை நாலாம் பத்தியில் வரும் 'மீளேற்பு' (reuptake, வெளியே விட்ட செரோட்டோனினைச் செல் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்வது) பற்றியது. வரைவைப் பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகளிடம் கொடுத்தேன். "ஏற்பித் தடுப்பி, மீளேற்புத் தடுப்பி ரெண்டும் ஒரே மருந்துதானேப்பா?" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. இரண்டும் ஏற்பைத் தடுப்பதாகத்தானே காதில் விழுகிறது!

குடலில் நடப்பதோ வேறு. உடலின் செரோட்டோனினில் ஏறக்குறைய 90 விழுக்காடு அங்கேதான் இருக்கிறது. உணவு குடல்சுவரை அழுத்தியதும் உட்படலத்துச் செல்கள் அதைச் சுரக்கின்றன. அது 5-எச்டி3, 5-எச்டி4 என்ற ஏற்பிகள் ('5-எச்டி' என்பது செரோட்டோனினின் சுருக்கப்பெயர்) வழியாக நரம்புகளைத் தூண்ட, உணவுக்குப் பின்னால் தசை சுருங்குகிறது, முன்னால் தளர்கிறது. கவனியுங்கள், செரோட்டோனின் எந்த ஏற்பிக்குள்ளும் நுழைவதில்லை. கதவைத் தட்டிவிட்டு விலகிவிடுகிறது. எந்தக் கதவு என்பதுதான் முக்கியம். 1957இல் காடம், பிகாரெல்லி என்ற ஆய்வாளர்கள் கினிப்பன்றிக் குடல்துண்டைச் செரோட்டோனினால் சுருங்கவைத்துப் பார்த்தார்கள். சுருக்கத்தில் ஒரு பங்கை மார்பின் அடக்கியது, மறுபங்கை டைபென்சிலின் என்ற மருந்து அடக்கியது. மார்பின் அடக்கிய பங்குக்கு நரம்பில் ஒரு வகை ஏற்பி, டைபென்சிலின் அடக்கியதற்குத் தசையிலேயே இன்னொரு வகை என்று அப்படித்தான் பிரித்தார்கள்.

தட்டி முடித்த செரோட்டோனினை உண்மையிலேயே உள்ளே இழுத்துக்கொள்வது செல்சவ்விலுள்ள இன்னொரு புரதம். நாம் 'மீளேற்பு' என்பது இதன் வேலையை. 5-எச்டி3 ஏற்பியை அடைக்கும் ஒண்டான்செட்ரான் (வாந்திக்குக் கொடுப்பார்களே, அதுதான்) பலருக்கு மலச்சிக்கலைத் தருகிறது. மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ராலின் இந்த மீளேற்பைத் தடுப்பதால் செரோட்டோனின் வெளியிலேயே தங்குகிறது, சிலருக்கு வயிற்றுப்போக்கு வருகிறது. ஒன்று கட்டுகிறது, ஒன்று இளக்குகிறது. பெயரில் மட்டும் இரட்டைப்பிள்ளைகள்!

'மீளுறிஞ்சல்' போடலாமே என்று முன்மடலில் ஒருவர் கேட்டிருந்தார். வேறு இடமென்றால் சரி. குடல் பற்றிய கட்டுரையில் 'உறிஞ்சல்' என்றதும் சோறும் நீரும்தான் நினைவுக்கு வரும்.

என் முன்மொழிவு: செயலுக்கு 'மீட்பு', புரதத்துக்கு 'மீட்பி', மருந்துக்கு 'மீட்புத் தடுப்பி'. அடகு வைத்த நகையை மீட்கிறோமே, அந்த மீட்பு. கொடுத்த செல்லே திரும்ப எடுத்துக்கொள்வது என்ற பொருள் சொல்லிலேயே இருக்கிறது. ஒரு சிக்கல், குடலில் சுரக்கும் செல் ஒன்று, எடுத்துக்கொள்வது பெரும்பாலும் பக்கத்துச் செல். பங்காளி மீட்டாலும் மீட்புதான் என்று விட்டுவிடலாமா?

நாலாம் பத்தியை மாற்றிப் பார்த்தேன்: "மீட்பி வேலை செய்யாவிட்டால் செரோட்டோனின் ஏற்பிகளைத் தட்டிக்கொண்டே இருக்கும்." மகள் இந்த முறை கேள்வி கேட்கவில்லை. மறுப்பிருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள். 'ஏற்பி'யா 'வாங்கி'யா என்பதை இலங்கை நண்பர்களே முடிவு செய்யட்டும்.